கொண்டல் வீசும் நாள்

வானிலை சொல்பவள் இன்று மழையைப் பற்றிப் பேசவில்லை.
காற்று கிழக்கிலிருந்து,
ககோஷிமா நகரத்தின் மேல் சாம்பல் விழும் என்றாள்.
கொடியிலிருந்த துணிகளை உள்ளே எடுத்தேன்.
வாளிகளை வெளியே வைத்தேன்.

பதினெட்டு வருடம் நான் பல் செய்தவள்.
பீங்கான் பல்.
முகம் தெரியாத வாய்களுக்கு
ஒவ்வொன்றாய், அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக.
கடுகில் கால்வாசி இரும்பு விழுந்தாலும்
முன்பல்லில் மச்சமாய்த் தெரியும்.
சன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி
வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் இருமும் மலையை
வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தோம்.

அதே இருமலைத்தான் இப்போது
எண்பது கண் சல்லடையில் சலிக்கிறேன்.

விரலிடையில் தேய்த்துப் பார்:
விறகுச் சாம்பலின் மிருது இதில் இல்லை.
நறநறக்கும்.
இது எரிந்து மிஞ்சியதல்ல,
உருகி, வெடித்து,
வரிசையில் நிற்க நேரமில்லாமல்
வானத்திலேயே உறைந்துபோன கண்ணாடி.
ஒருமுறை உருகியதற்கு வழி தெரியும்.
ஆயிரத்து இருநூற்று முப்பது டிகிரியில்
மறுபடி இளகி
கிண்ணத்தின் தோளில் வழிகிறது,
மெல்லிய இடத்தில் புளிக்கரைசல் நிறம்,
தேங்கிய இடத்தில் காக்கைக் கறுப்பு.
பல் செய்த காலத்தில் நான் துரத்திய இரும்பு
இங்கே வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

மண் வேறு கதை.
கிரிஷிமா சரிவிலிருந்து வரும் செம்மண்
கோபக்காரி, கொஞ்சம் இழுத்தால் விளிம்பில் வெடிப்பாள்.
அவளுக்கு நூறுக்கு மூன்று பங்கு பெண்டோனைட்.
அதுவும் சாம்பல்தான் ஒரு காலத்தில்;
கோடி வருடம் நீரில் ஊறி
எரிமலை என்பதையே மறந்துபோனது.
ஈரத்தில் போட்டால் கட்டி தட்டும்.
காய்ந்த தூளோடு தூளாய் முதலில் சேர்த்து
பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும்.
மூன்று பங்கில் மண் வெண்ணெய் மாதிரி எழும்பும்.
ஆசைப்பட்டுப் பத்து போட்டேன்.
பாளம் குடித்த தண்ணீரையெல்லாம் விட்டுச் சுருங்கி
கோடை ஏரியாய்ப் பிளந்தது.

பக்கத்து வீட்டு நகஸோனோவிடம்
இலை ஊதும் இயந்திரம் ஒன்று உண்டு.
கொண்டல் ஓய்ந்த காலைகளில்
தன் கூரை, தன் கார், தன் செவ்வந்தித் தொட்டி
எல்லாவற்றின் சாம்பலையும்
என் வாசலுக்கு ஊதித் தள்ளுவார்.
நகராட்சி கொடுக்கும் மஞ்சள் பைகளை
அவர் மடித்தே வைத்திருந்தார், புத்தம் புதிதாக.
நான் சண்டை போடவில்லை.
கூட்டி, கழுவி, உப்புப் போக மூன்று தண்ணீர் மாற்றி
எடை போட்டேன்.

முதல் சூளை பாழ்.
மெருகு தடித்து வழிந்து
ஏழு கிண்ணங்கள் தட்டோடு ஒட்டிக்கொண்டன.
உளி வைத்துத் தட்டிய சத்தத்தில்
மனிதர் மதில் மேல் தலை நீட்டினார்.
தப்பிய ஒன்றைக் கையில் கொடுத்தேன்.
"யாருடைய சாம்பல்?" என்றார்.
"உங்கள் வடக்குக் கூரை."

திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் இல்லை.
அடியில் ஊசித்துளை; தேநீர் கசியும் என்று
மறுநாள் வந்து குறை சொன்னார்.
கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை.
இப்போது அதில் திருகாணி போட்டு வைத்திருக்கிறாராம்.

நேற்றிரவு மலை இரண்டுமுறை அதிர்ந்தது.
காலையில் என் வாசல் சுத்தமாயிருந்தது.
நடுவில் ஒரு மஞ்சள் பை,
வாய் இறுகக் கட்டி,
மேலே பேனாவால்:
'ஒன்பதாம் தேதி. தெற்குக் கூரை. கரடு அதிகம்.'

உண்மைதான், கரடு அதிகம்.
அறுபது கண் சல்லடையை எங்கே வைத்தேன்
என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.